மெஷின் வாள் செயினை ரோலர் கைடு வைத்து நாமே ராவுவது எப்படி?

நம்ம குமரி மாவட்டத்தில், விளையில் (தோட்டத்தில்) விழுந்த மரத்தை அறுக்கவும் கொப்பு கழிக்கவும் சொந்தமாக ஒரு மெஷின் வாள் (செயின்சா) வாங்கி வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதிதாக வாங்கியதும் வாள் தன் எடையிலேயே மரத்துக்குள் இறங்கும். கொஞ்ச நாளில் அழுத்தித் தள்ளினால்தான் அறுக்கும் என்றாகிவிடும். சீவல் சீவலாக விழ வேண்டிய இடத்தில் மாவாகத் தூள் பறக்கும், செயின் சுற்றி ஓடும் நீளத் தகடான பார் சூடாகிப் புகை வரும். நிறையப் பேர் அப்போது மெஷினைக் குறை சொல்கிறார்கள். மெஷினில் ஒன்றுமில்லை, செயினின் கூர் போய்விட்டது, அவ்வளவுதான்.

அப்போது நாம் செய்வது, செயினைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு மார்த்தாண்டத்துக்கோ நாகர்கோவிலுக்கோ பஸ் ஏறுவது. கடையில் சாணைச் சக்கரத்தில் பிடித்துத் தருவார்கள். நிதானமாகப் பிடிக்கிறவர் கையில் கொடுத்தால் நன்றாகத்தான் இருக்கும். கூட்டமான நாளில் கொடுத்தால் பல்லில் பாதியைச் சக்கரம் தின்றுவிடும், பல் நுனி நீலமாகச் சூடேறித் திரும்பும். நீலம் பாய்ந்த பல்லில் கூர் நிற்பதில்லை, அப்புறம் அரமும் அதில் சரியாகப் பிடிக்காது. நான் கையால் ராவப் பழகியதே இப்படி வந்த ஒரு செயினைப் பார்த்த பிறகுதான்.

வெறும் அரத்தை மட்டும் வைத்து ராவ நல்ல கைப்பழக்கம் வேண்டும். அரம் பல்லின் மேல்விளிம்பைவிடத் தன் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு உயரமாக நிற்க வேண்டும், கோணமும் பல்லுக்குப் பல் மாறக் கூடாது. இதை நமக்காகப் பிடித்துக் கொடுப்பதுதான் ரோலர் கைடு. செயின் மேல் உட்காரும் சின்னத் தகடு, அதில் கடினமான எஃகு உருளைகள். அரம் அந்த உருளைகள் மேல் ஓடும். உயரத்தை உருளை பார்த்துக்கொள்ளும், கோணத்தைத் தகட்டில் உள்ள கோடு காட்டும். நாம் தள்ளினால் போதும். ஆனால் ஒரு கைடு எல்லாச் செயினுக்கும் பொருந்தாது, குறிப்பிட்ட வகைச் செயினுக்குத்தான் பொருந்தும். பொருந்தாத கைடு வைத்து ராவுவதைவிடக் கைடே இல்லாமல் ராவுவது மேல். அதனால்தான் முதல் படியை இவ்வளவு நீட்டி எழுதியிருக்கிறேன்.

1. உங்கள் செயின் எது என்று கண்டுபிடியுங்கள்

கடைக்குப் போய் மெஷின் பெயரைச் சொல்லி அரம் கேட்காதீர்கள். ஒரே மெஷினில் இரண்டு மூன்று வகைச் செயின் மாட்டலாம். நீங்கள் பழைய மெஷினாக வாங்கியிருந்தால் முன்னால் வைத்திருந்தவர் எதை மாட்டினாரோ தெரியாது. பார்க்க வேண்டியது செயினைத்தான்.

செயினைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். பாரின் பள்ளத்துக்குள் ஓடும் அடிக்கண்ணியிலோ, பல்லுக்கு முன்னால் இருக்கும் சின்ன மேட்டிலோ ஓர் எண் அடித்திருக்கும். அதிலிருந்து பிட்ச் தெரியும். பிட்ச் என்பது அடுத்தடுத்த கண்ணிகளின் இடைவெளி, அதை 3/8, 0.325 என்று அங்குலத்தில் சொல்வார்கள்.

ஓரிகன் கம்பெனிச் செயினில் அடிக்கண்ணியில் 90 அல்லது 91 என்றிருந்தால் அது 3/8 லோ புரொஃபைல், அதாவது பல் தாழ்ந்த சிறிய 3/8. 20, 21, 22, 95 எல்லாம் 0.325 வகை. 72, 73, 75 என்றால் பெரிய 3/8. ஸ்டில் செயினில் பல்லுக்கு முன்னாலுள்ள மேட்டில் ஒற்றை எண் இருக்கும்: 6 என்றால் சிறிய 3/8, 2 என்றால் 0.325, 3 என்றால் பெரிய 3/8. ஹஸ்க்வர்னா செயினை அட்டைப்பெட்டியில் அச்சிட்ட பெயரை வைத்தே சொல்லிவிடலாம்.

பெயரில்லாத மெஷின்களில்தான் தொல்லை. நம்ம பக்கம் விலை குறைவாகக் கிடைக்கும் 58 சிசி மெஷின்களில், 20, 22 அங்குல பாரோடு வருபவற்றில், பெரும்பாலும் 0.325 செயின்தான் இருக்கும். ஆனால் அதை நம்பி வாங்க வேண்டாம், அளந்து பாருங்கள். அடுத்தடுத்து இருக்கும் மூன்று ரிவெட்டுகளில் முதல் ரிவெட்டின் நடுவிலிருந்து மூன்றாவதன் நடுவரை அளந்து இரண்டால் வகுக்க வேண்டும். விடை 8.25 மி.மீ. அருகில் வந்தால் 0.325. 9.5 மி.மீ. அருகில் வந்தால் 3/8. 10.25 அருகில் வந்தால் 0.404, அது பெரிய எஸ்டேட் மெஷின்களில் மட்டும் இருக்கும்.

3/8 என்று வந்துவிட்டால் இன்னொரு கேள்வி இருக்கிறது: சிறியதா, பெரியதா? அளவில் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் இருக்கும், பல்லின் உருவம்தான் வேறு. கரண்டில் ஓடும் வாள், பேட்டரி வாள், 40 சிசிக்குக் கீழே உள்ள சின்ன பெட்ரோல் வாள் என்றால் அநேகமாகச் சிறிய லோ புரொஃபைல். 60 சிசிக்கு மேலே என்றால் பெரியது.

பல்லின் நுனியில் கார்பைடு ஒட்டிய செயின் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கு உதவாது. அதில் அரம் பிடிக்காது, வைரச் சக்கரம்தான் வேண்டும்.

2. வாங்க வேண்டியவை, ஆகும் செலவு

செயின் எது என்று தெரிந்துவிட்டால் அரத்தின் விட்டம் தானே வந்துவிடும்.

சிறிய 3/8 செயினுக்குப் பெரும்பாலும் 4.0 மி.மீ. அரம், சில வகைக்கு 4.5.
0.325 செயினுக்கு 4.8 மி.மீ. அரம்.
பெரிய 3/8 செயினில் ஸ்டில் என்றால் 5.2 மி.மீ., ஓரிகன், ஹஸ்க்வர்னா என்றால் 5.5 மி.மீ.
0.404 செயினுக்கு 5.5 மி.மீ.

பெரிய 3/8-இல் கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது என்பதைக் கவனித்தீர்களா? கடையில் இதைச் சொல்ல மாட்டார்கள். "எல்லாம் ஒண்ணுதான்" என்று 4.8-ஐ எடுத்து நீட்டிய கடையும் உண்டு. சின்ன அரம் பல்லின் அடியைக் குடைந்துவிடும். பல் ரொம்பக் கூராகத் தெரியும், ஆனால் நாலு மரத்துக்குள் மடங்கிவிடும். பெரிய அரம் போட்டால் பல்லின் முகம் பின்னால் சாய்ந்து, எவ்வளவு ராவினாலும் அறுக்காது.

இன்னொரு பொறி, சாதாரண ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் வட்ட அரம். அது எலிவால் மாதிரி நுனிக்குப் போகப் போக மெலியும். செயினுக்கான அரம் அடியிலிருந்து நுனிவரை ஒரே கனமாக இருக்கும், நீளம் பொதுவாக 8 அங்குலம். விரல்களுக்கு நடுவே உருட்டிப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும். உருளை மேல் ஓட வேண்டிய அரம் மெலிந்துகொண்டே போனால் உயரமும் மாறிக்கொண்டே போகும், அப்புறம் கைடு எதற்கு?

கைடு வாங்கும்போது அட்டையில் அரத்தின் அளவை மட்டும் பார்த்து எடுத்துவிடாதீர்கள். எந்தெந்தச் செயினுக்கு என்று பெயர் போட்டிருக்கும். இரண்டு செயினுக்கும் 4.8 அரம்தான் என்றாலும் கைடு வேறாக இருக்கலாம். உங்கள் செயினின் பெயரோ வகையோ அட்டையில் இருந்தால் மட்டும் எடுங்கள்.

அரம் நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலை, குலசேகரம் என்று மெஷின் பாகங்கள் விற்கும் கடைகளில் கிடைத்துவிடும். ரோலர் கைடு எல்லாக் கடையிலும் இருப்பதில்லை. சொல்லி வைத்து வரவழைக்க வேண்டும், அல்லது ஆன்லைனில் போட வேண்டும். விலை கடைக்குக் கடை மாறும், ஆனாலும் ஒரு மதிப்புக்குச் சொல்கிறேன். நல்ல கம்பெனி அரம் ஒன்று நூறிலிருந்து இருநூற்றைம்பது ரூபாய்க்குள். கைடு, இரண்டு வட்ட அரம், ஒரு தட்டை அரம், கைப்பிடி எல்லாம் சேர்ந்த கிட் ஆயிரம் ரூபாய்க்கு முன்பின். தனித்தனியாக வாங்குவதைவிடக் கிட் லாபம், எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தியும் இருக்கும்.

ஆயிரம் ரூபாய் ஜாஸ்தி என்று தோன்றினால், கடைக்காரர் ஒரு தடவை சாணை பிடிக்க வாங்கும் காசையும் போய் வரும் பஸ் செலவையும் கூட்டிப் பாருங்கள். அதைவிடப் பெரிய கணக்கு செயின். சாணைச் சக்கரத்தில் சீக்கிரம் தேயும் செயின், கையால் கொஞ்சம் கொஞ்சமாக ராவினால் கூடுதல் நாள் வரும். மிச்சம் பிடிப்பது அங்கேதான்.

கைப்பிடி இல்லாமல் அரத்தைப் பிடிக்காதீர்கள். அரத்தின் வால் உள்ளங்கையில் ஏறிவிடும். தோல் கையுறை ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பல்லையும் ரேக்கரையும் (பல்லுக்கு முன்னாலுள்ள மேடு) ஒரே தள்ளலில் ராவும், வட்ட அரமும் தட்டை அரமும் சேர்த்து வைத்த கைடும் கடையில் காட்டுவார்கள். நல்ல பொருள்தான், விலை கூட. அதை வாங்கினால் கீழே ஆறாவது படி உங்களுக்குத் தேவைப்படாது. ஆனால் பல் எப்படி வெட்டுகிறது என்று புரிந்துகொள்ள ரோலர் கைடுதான் நல்லது என்பது என் எண்ணம்.

3. தூக்கி எறியக் கூடாத காகிதங்கள்

இதைப் படிக்கும்போது சிரிப்பு வரலாம், அரம் வாங்கக் காகிதம் எதற்கு என்று. நான்கை மட்டும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு மெஷின் பெட்டிக்குள் வையுங்கள்.

முதலாவது செயின் வந்த அட்டைப்பெட்டியின் லேபிள். அதில் பிட்ச், கேஜ் (அடிக்கண்ணியின் தடிமன்), கண்ணி எண்ணிக்கை மூன்றும் இருக்கும். அடுத்த செயின் வாங்க இந்த மூன்றும் வேண்டும், அரம் வாங்கப் பிட்சும் செயினின் வகையும் கம்பெனியும் தெரிந்தால் போதும். இரண்டாவது மெஷினின் கையேடு. கடைசிப் பக்கங்களில் எந்தச் செயினுக்கு எந்த அரம், என்ன கோணம், ரேக்கர் எவ்வளவு தாழ்வு என்று ஓர் அட்டவணை இருக்கும். நான் இங்கே கொடுக்கும் அளவுக்கும் அதற்கும் வித்தியாசம் வந்தால் கையேட்டைத்தான் நம்ப வேண்டும். மூன்றாவது மெஷினின் பில்லும் வாரண்டி அட்டையும். நான்காவது கைடு கிட்டின் பில்லும் அட்டையும். ஆன்லைனில் வாங்கியிருந்தால் செயினில் வைத்துப் பார்க்கும்வரை அட்டையைக் கிழிக்காதீர்கள். அட்டை இல்லாத பொருளைத் திருப்பி எடுக்க மறுத்துவிடுவார்கள்.

கைடைப் பற்றியதல்ல, ஆனாலும் காகிதம் என்று வந்ததால் சொல்கிறேன்: வாளைக் கையில் எடுத்துவிட்டோம் என்று பனையில் வைத்துவிடாதீர்கள். பனை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்திருக்கிறது.

4. ராவ உட்காரும் முன்

பெட்ரோல் மெஷின் என்றால் ஆஃப் செய்து, பிளக் வயரைக் கழற்றிவிடுங்கள். கரண்ட் வாள் என்றால் பிளக்கை உருவுங்கள், பேட்டரி வாள் என்றால் பேட்டரியை எடுத்துத் தனியே வையுங்கள். "ஆஃப்தானே செய்திருக்கிறேன்" என்பது போதாது.

அப்புறம் செயினைச் சுத்தம் செய்ய வேண்டும். ரப்பர் அறுத்த வாள் என்றால் பல் இடுக்கெல்லாம் பால் உறைந்து நாராகப் பிடித்திருக்கும். அதோடு ராவினால் அரத்தின் வரிகள் அடைத்து, அரம் வழுக்கத் தொடங்கும். மண்ணெண்ணெயோ டீசலோ தொட்டுப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, துணியால் துடையுங்கள். அரத்துக்கு எண்ணெய் போடக் கூடாது, காய்ந்துதான் இருக்க வேண்டும்.

பாரை அசையாமல் பிடிக்க ஒரு வைஸ் இருந்தால் நல்லது. வைஸ் இல்லையென்றால் இடுப்பு உயரத்துக்கு ஒரு மரத்தடியை நிறுத்தி, அதன் தலையில் வாளாலேயே (பிளக் வயரைக் கழற்றும் முன்பே) பார் நுழையும் அளவுக்கு ஒரு வெட்டுப் போட்டு, அதற்குள் பாரைச் செருகி ஆப்பு அடித்துவிடலாம். மரம் முறிக்கப் போகும் இடத்தில் அப்போதுதான் வெட்டிய மரத்தின் மூட்டிலேயே (அடிக்கட்டையிலேயே) இதைச் செய்துகொள்ளலாம். மெஷினை மடியில் வைத்து ராவும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அரம் ஒரு தடவை சறுக்கினால் தொடை கிழியும்.

செயினின் இறுக்கத்தைப் பாருங்கள். தளர்ந்திருந்தால் ராவும்போது பல் பக்கவாட்டில் சாயும், கைடு இருந்தும் கோணம் தப்பும். வழக்கத்தைவிட ஒரு சொட்டு இறுக்கிக்கொள்ளுங்கள், முடிந்ததும் பழையபடி தளர்த்திவிட வேண்டும்.

கடைசியாக, எல்லாப் பல்லையும் ஒரு சுற்றுப் பார்த்து, எது ரொம்ப அடிபட்டிருக்கிறது, எது ரொம்பக் குட்டை என்று கண்டுபிடித்து, அதன் மேல் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். கூர் போன பல்லை அடையாளம் காண்பது எளிது. வெளிச்சத்தில் திருப்பினால் விளிம்பு வெள்ளைக் கோடாக மின்னும். கூரான விளிம்பில் வெளிச்சம் நிற்காது.

5. ராவுதல்

பார்த்தால் பெரிய வேலை மாதிரி இருக்கும், பழகினால் ஒரு செயினுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம். முதல் தடவை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், அவசரமாக வேலைக்குக் கிளம்பும் காலையில் தொடங்க வேண்டாம்.

செயின் பிரேக்கைப் போட்டு செயினைப் பூட்டுங்கள். கைடில் ஓர் அம்புக்குறி இருக்கும். அது பாரின் நுனியைப் பார்க்கும்படி, அதாவது செயின் ஓடும் திசையைப் பார்க்கும்படி, மேலிருந்து செயின் மேல் வையுங்கள். புள்ளி வைத்த பல்லில் தொடங்குங்கள். கைடு தட்டையாக உட்கார வேண்டும். விரலால் ஆட்டினால் தூக்கக் கூடாது. தூக்கினால் அடியில் பாலோ தூளோ சிக்கியிருக்கும், அல்லது கைடு உங்கள் செயினுக்கானது இல்லை.

இனி அரத்தை உருளைகள் மேல் வையுங்கள். அரம் உருளைக்குக் குறுக்காக, நேர் செங்கோணத்தில் இருக்க வேண்டும். தகட்டில் கோணக் கோடு இருந்தால் அரம் அந்தக் கோட்டோடு இணையாக நிற்கட்டும். பெரும்பாலான செயினுக்கு 30 டிகிரி. 25, 35 என்று சொல்லும் செயினும் உண்டு, அதற்குத்தான் கையேட்டின் அட்டவணை.

பல்லின் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். தள்ளும்போது மட்டும் அரம் பல்லைத் தொட வேண்டும், திரும்ப இழுக்கும்போது தூக்கிவிடுங்கள். முன்னும் பின்னும் தேய்ப்பது அரத்துக்குத்தான் கேடு, வரிகள் மழுங்கிவிடும். ஒரு கையால் கைப்பிடி, இன்னொரு கையால் அரத்தின் நுனி. நீளமான, ஒரே சீரான தள்ளல், அரத்தின் முழு நீளமும் ஓட வேண்டும். எனக்குச் சொல்லிக் கொடுத்த பெரியவர், குலசேகரம் பக்கம் காலமெல்லாம் மரம் முறித்தவர், திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "அமுக்கண்டாம் மக்களே, அரம் தானா தின்னும்." அழுத்தினால் கைடு சாயும், உருளை சுற்றாமல் நிற்கும். அரம் உருளை மேல் உராயும் சத்தம் கேட்டால் கை கனமாகிவிட்டது என்று அர்த்தம்.

கூர் கொஞ்சம் குறைந்த செயின் என்றால் ஒரு பல்லுக்கு இரண்டு மூன்று தள்ளல் போதும். கம்பியில் பட்ட செயின் என்றால் பத்து, பதினைந்துகூட ஆகலாம். மேல்தகட்டின் நுனியில் குரோம் பூச்சு பெயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பெயர்ந்த இடம் முழுவதும் போகும்வரை ராவ வேண்டும். பூச்சு இல்லாத விளிம்பு கூராகத் தெரிந்தாலும் நிற்காது.

முதல் பல்லுக்கு எத்தனை தள்ளலோ அதே எண்ணிக்கை மற்றதுக்கும். ஒரு பக்கம் பார்க்கும் பற்களை எல்லாம் முதலில் முடித்துவிடுங்கள். பிரேக்கை விட்டு, கையுறையோடு செயினை முன்பக்கமாக இழுத்து, திரும்பப் பிரேக் போட்டு, ஒன்றுவிட்டு ஒன்றாக. புள்ளி வைத்த பல் திரும்ப வந்தால் அந்தப் பக்கம் முடிந்தது. பிறகு மெஷினின் மறுபக்கம் போய் நில்லுங்கள், கைடின் அடுத்த பக்க உருளைகளில் மற்றப் பற்கள்.

வலது கைக்காரர்களுக்கு ஒரு பக்கம் நன்றாக வரும், மறுபக்கம் கை மடங்கி அரை மனதாக வரும். எல்லோருக்கும் அப்படித்தான். வராத பக்கத்துக்கு ஒரு தள்ளல் கூடப் போட்டுப் பல்லின் நீளத்தைச் சரிபாருங்கள். நீளம்தான் முக்கியம், தள்ளலின் எண்ணிக்கை அதற்கு ஒரு குறுக்கு வழி மட்டுமே. எல்லாப் பல்லும் குட்டைப் பல்லின் நீளத்துக்கு வர வேண்டும். ஒரே நாளில் கொண்டு வர வேண்டும் என்று இல்லை, அடுத்தடுத்து ராவும்போது மெல்லக் கொண்டு வந்துவிடலாம்.

அவ்வப்போது அரத்தை விரலால் கொஞ்சம் உருட்டிவிடுங்கள், எல்லாப் பக்கமும் சமமாகத் தேயும். நடுநடுவே கைப்பிடியைக் கட்டையில் தட்டித் தூளை உதறுங்கள்.

6. ரேக்கரை மறக்காதீர்கள்

ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு மேடு இருக்கிறதே, அதுதான் ரேக்கர். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று தீர்மானிப்பது அது. பல்லின் மேல்தகடு பின்பக்கம் சரிந்து போவதால், ராவ ராவப் பல் தாழும். ரேக்கர் அப்படியே நிற்கும். ஒரு கட்டத்தில் இரண்டும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். பல் கூராக இருக்கும், ஆனால் மரத்தைத் தொடாது. "நல்லா ராவினேன், அறுக்க மாட்டேங்குது" என்று சொல்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு நோய் இதுதான்.

பெரும்பாலான செயினுக்கு ரேக்கர் பல்லைவிட 0.65 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும், 0.404-க்கு 0.80. இதைக் கண்ணால் அளக்க முடியாது. கிட்டில் ரேக்கருக்கான அளவுத் தகடு இருக்கும், சில ரோலர் கைடுகளில் அது கைடோடு சேர்ந்தே வரும். அதைச் செயின் மேல் வைத்தால் ரேக்கர் ஒரு துளை வழியாக மேலே எட்டிப் பார்க்கும். எட்டிப் பார்க்கும் பாகத்தை மட்டும் தட்டை அரத்தால் சீவிவிட வேண்டும். தகட்டை அரம் தொட்டதும் நிறுத்துங்கள். எட்டிப் பார்க்கவே இல்லையென்றால் தொட வேண்டாம்.

சில தகடுகளில் இரண்டு துளை இருக்கும், ஒன்றில் மென்மரம் என்றும் இன்னொன்றில் வன்மரம் என்றும் ஆங்கிலத்தில் அடித்திருப்பார்கள். பச்சை ரப்பருக்கு மென்மரத் துளை வைத்தால் வாள் வேகமாகப் போகும், உண்மைதான். ஆனால் அதே வாளைக் கொண்டுபோய் நாளை காய்ந்த புளியிலோ பிலாவிலோ வைக்கப் போகிறீர்கள். புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லாவற்றுக்கும் வன்மரத் துளையையே வைத்துக்கொள்ளுங்கள். ரேக்கரை அதிகம் தாழ்த்தினால் பல் தேவைக்கு மேல் கடித்து வாள் உதறும், பாரின் நுனி பட்டால் முகத்தை நோக்கித் தூக்கி அடிக்கும். ராவிய ரேக்கரைத் திரும்ப உயர்த்த வழி கிடையாது.

ஒவ்வொரு தடவையும் ரேக்கரைத் தொட வேண்டியதில்லை. மூன்று தடவை பல் ராவினால் ஒரு தடவை தகடு வைத்துப் பாருங்கள்.

7. அறுத்துப் பார்த்தல்

செயினைத் துடைத்து, எண்ணெய் விட்டு, இறுக்கத்தைப் பழையபடி வைத்து, பிளக் வயரை மாட்டி, ஒரு சுத்தமான தடியில் வைத்துப் பாருங்கள். அழுத்தாமலே இறங்கி, விரல் நகம் அளவுக்குச் சீவல் விழுந்தால் சரி. இன்னும் மாவாகத்தான் வருகிறது என்றால் கூர் வரவில்லை. பல் விளிம்பில் வெள்ளைக் கோடு எங்கேயோ மிச்சம் இருக்கிறது. கூர் இருந்தும் மேலோட்டமாகச் சுரண்டினால் ரேக்கர் உயரம். உதறிக்கொண்டு குதித்தால் ரேக்கர் தாழ்வு, அல்லது பல்லுக்குப் பல் நீளம் மாறுகிறது.

வெட்டு நேராகப் போகாமல் ஒரு பக்கம் வளைந்தால், ஒரு பக்கப் பற்கள் நீளமாகவோ கூராகவோ இருக்கின்றன. இரண்டு பக்கமும் சரியாக இருந்தும் வளைந்தால் குற்றவாளி பார்தான். அதன் இரண்டு விளிம்பும் ஒரே உயரமா என்று பாருங்கள். தட்டை அரத்தால் விளிம்பைச் சமன் செய்துவிடலாம். செயினை ஒவ்வொரு தடவை கழற்றும்போதும் பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினால் இந்தத் தேய்மானம் ஒரு பக்கமே சேராது.

8. எப்போது ராவ வேண்டும்

மாதம் ஒரு தடவை என்று கணக்கு வைக்க முடியாது. பெட்ரோல் தீர்ந்து நிரப்பும் ஒவ்வொரு தடவையும் பல்லைப் பாருங்கள், தேவைப்பட்டால் பல்லுக்கு இரண்டு தள்ளல். சில நிமிடங்களில் தீரும் வேலையைத் தள்ளிப் போட்டால் முக்கால் மணி நேரம் ஆகும், செயினும் அதிகம் தேயும்.

நம்ம மாவட்டத்தில் செயினின் கூரைக் கொல்வது மரம் அல்ல, மரத்தோடு வருவது. ரப்பர் மூட்டில் சிரட்டை மாட்டிய கம்பியும், பால் வழியும் தகரச் சில்லும், மழைக்குக் கட்டிய பிளாஸ்டிக்கின் ஸ்டேப்ளர் பின்னும் இருக்கும். பழைய மரத்தில் கம்பி மேல் பட்டை வளர்ந்து மூடியிருக்கும், வெளியே தெரியாது. பால் வெட்டிய உயரம் முழுவதையும் கையால் தடவிப் பார்த்துவிட்டு, அந்த உயரத்துக்குக் கீழேயோ மேலேயோ வெட்டுப் போடுங்கள். ஒரு கம்பி, ஒரு வினாடி, மொத்தச் செயினும் காலி.

அடுத்தது மண். காற்றில் வேரோடு சாய்ந்த மரத்தில் மூடெல்லாம் மண்ணும் சரளையும் அப்பியிருக்கும். 2017 ஒக்கிப் புயலில் சாய்ந்த ரப்பர் மரங்களை அறுத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், அரம் எத்தனை தீர்ந்தது என்று. வெட்டும் இடத்தில் மட்டும் வெட்டுக்கத்தியால் பட்டையைச் செதுக்கிவிட்டு வாளை வைத்தால் பாதி நாள் மிச்சம்.

கடற்கரைப் பக்கத்துத் தென்னை இன்னொரு விதம். தென்னையின் வெளிச்சுற்று, அதுவும் அடிப்பாகம், கடினமான நார். அதன் வெடிப்புகளில் காற்றடித்த மணல் வேறு இருக்கும். மணவாளக்குறிச்சிப் பக்கத்து மணலில் கார்னெட் இருக்கிறது, தேய்ப்புத்தாள் செய்கிற அதே தாது. அந்தத் தென்னையை அறுக்கப் போனால் இரண்டாவது செயினை ராவிக் கையோடு கொண்டு போவதுதான் புத்திசாலித்தனம். வேலையிடத்தில் செயினை மாற்றிவிட்டு, இரண்டையும் வீட்டில் வந்து உட்கார்ந்து ராவலாம்.

நேரம் பற்றி ஒன்று. ஜூன் மழைக்கு முன் ரப்பர் நட நிலம் ஒதுக்குகிறவர்கள், வெயில் மாதங்களில் பழைய மரத்தை முறித்து முடிக்கப் பார்ப்பார்கள். அந்தச் சமயத்தில் அரமும் செயினும் உங்கள் அளவில் கடையில் தீர்ந்து போகலாம். வாங்க வேண்டியதை ஜனவரிக்குள் வாங்கி வைத்துவிடுங்கள்.

9. அரம், கைடு, செயின்: எப்போது மாற்றுவது

அரம் என்றென்றைக்கும் உழைக்காது. தள்ளும்போது தின்னாமல் வழுக்கினால், வெளிச்சத்தில் வரிகள் பளபளத்தால், அதைத் தூக்கிப் போடுங்கள். மழுங்கிய அரத்தை வைத்து அழுத்தத் தொடங்குகிறோம், அப்போதுதான் கோணம் கெடுகிறது. நம்ம ஊர் உப்புக் காற்றிலும் இரண்டு பருவ மழையிலும் அரம் சீக்கிரம் துருப்பிடிக்கும். காய்ந்த துணியில் சுற்றி, மூடியுள்ள பிளாஸ்டிக் குழாயில் போட்டு வையுங்கள். ஒன்றோடொன்று உரசாதபடி தனித்தனியாக.

கைடின் உருளை சுற்றுகிறதா என்று அவ்வப்போது விரலால் தட்டிப் பாருங்கள். தூள் அடைத்து நின்றுவிட்டால் அரம் ஒரே இடத்தில் உராய்ந்து உருளையில் பள்ளம் விழும். பள்ளம் விழுந்த உருளை அரத்தைத் தாழ்த்திவிடும், அப்படியானால் கைடை மாற்ற வேண்டியதுதான். பிரஷால் தட்டிச் சுத்தம் செய்தால் வருடக்கணக்கில் வரும்.

செயினுக்கு, பல்லின் வெட்டும் பாகம் 4 மி.மீ. நீளத்துக்கு வந்துவிட்டால் நிறுத்திவிடுங்கள். சில செயினில் பல்லின் மேலேயே தேய்மானக் கோடு போட்டிருக்கும், அதுதான் எல்லை. ஏதாவது ஒரு பல்லிலோ கண்ணியிலோ விரிசல் தெரிந்தால் நீளம் மிச்சம் இருந்தாலும் அந்தச் செயின் வேண்டாம்.

புதுச் செயின் வாங்கும்போது மூலை சதுரமான பல்லா, மூலை உருண்ட பல்லா என்று கேளுங்கள். சதுரப் பல் வேகம், ஆனால் மண் பட்டதும் கூர் போய்விடும். நம்ம விளைக்கும் தோப்புக்கும் உருண்ட பல்தான். பிட்ச் பழையதாகவே இருக்கட்டும். அதை மாற்றினால் ஸ்ப்ராக்கெட் (செயினை இழுக்கும் பல்சக்கரம்), பார், அரம், கைடு நான்கையும் சேர்த்து மாற்ற வேண்டி வரும்.